திணையா, தீட்டா?
வேட்டையும் மீன்பிடியும் நம் கணக்கில்

தமிழ் இலக்கிய ஆய்வுக்கு வேட்டை பிடிக்கும். ஆனால் சுமார் இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தின வேட்டைதான் பிடிக்கும். குறிஞ்சி, பாலை என்று நிலம் பிரித்து, கருப்பொருள் பட்டியல் போட்டு, 'இயற்கையோடு இயைந்த வாழ்வு' என்று பாடநூலில் எழுதி மாணவர்களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். இன்றைக்கு ஏரிச் சேற்றில் குனிந்து குறவை தடவுகிறவளையும், அறுப்பு முடிந்த கழனியில் எலி வளை வெட்டுகிறவனையும் அந்த ஆய்வு பார்ப்பதில்லை. பார்த்தாலும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. முன்னதற்குப் பெயர் திணை, பின்னதற்குப் பெயர் தீட்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது காலம் அல்ல, சாதி. இதை நம் பக்கத்து நிலத்தை வைத்தே பேசலாம்.

பத்துப்பாட்டில் இரண்டு பாட்டுகள் நம் சீமையைச் சேர்ந்தவை. ஒன்று மலைபடுகடாம். செங்கத்து நன்னனைப் பாடிய 583 அடிப் பாட்டு. ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் செங்கம், இந்தப் பக்க அடிவாரத்தில் ஆலங்காயம். அந்தப் பாட்டில் மலைவாசிகள் வழிப்போக்கருக்கு மான்கறியும் முள்ளம்பன்றிக் கறியும் போடுகிறார்கள். சேயாற்றை ஒட்டிய வயல்வெளிக்கு இறங்கி வந்தால் வலையில் விழுந்த வாளையும் தூண்டிலில் மாட்டிய வராலும் இருக்கின்றன. இன்னொன்று பெரும்பாணாற்றுப்படை. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய 500 அடிப் பாட்டு, அதாவது தொண்டை நாட்டுப் பாட்டு. அதில் எயினப் பெண்கள் இரும்புப் பூண் போட்ட கோலால் காய்ந்த நிலத்தைக் கிண்டி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுக்கிறார்கள். அதைக் குத்தி, காயவைத்த கறியோடு ஆக்கித் தருகிறார்கள். ஆண்கள் புதரை அடித்து வலை கட்டி முயலை மடக்குகிறார்கள். நாய் பிடித்துத் தந்த உடும்பை வறுத்து விருந்தாளிக்குப் போடுகிறார்கள்.

உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த பிறகு, நூறு வருசத்துக்கு மேலாக இந்த அடிகளுக்கு உரை எழுதுகிறார்கள், பட்டம் வாங்குகிறார்கள், மாநாடு போடுகிறார்கள். யாரும் மூக்கைப் பொத்திக்கொண்டதில்லை. உடும்பு என்று படித்ததும் எந்தப் புலவருக்கும் குமட்டவில்லை. புற்றைக் கிண்டி அரிசி எடுத்தவளை யாரும் 'புத்துப் பொறுக்கி' என்று எழுதவில்லை. நல்லது, எழுதக் கூடாதுதான். ஆனால் அதே வேலையை இன்றும் செய்துகொண்டிருக்கிற சனங்களுக்கு என்ன பெயர் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

சேரியின் பஞ்சாங்கம்

ஆலங்காயம் வாணியம்பாடியிலிருந்து கிழக்கே, ஜவ்வாது மலை ஏறுகிற இடத்தில் இருக்கிறது. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு திருப்பத்தூர் மாவட்டம். மேலே மலையாளிப் பழங்குடிகள், கீழே நிலம் உள்ள சாதிகள், ஓரத்தில் சேரிகள், அதற்கும் ஓரத்தில் இருளர் குடிசைகள். மழையை நம்பிய நிலக்கடலையும் சாமையும் ஏரிக்கால் நெல்லும்தான் நிலத்து வெள்ளாமை. நிலம் இல்லாதவனுக்கும் ஒரு வெள்ளாமை இருந்தது. அதற்கென்று ஒரு பஞ்சாங்கமும் இருந்தது.

மொத மழை உட்டதும் ஈசல். ராவுல வெளக்கு வெச்சி, கீழ அகலமா தண்ணி வெச்சா கொட்டும். வறுத்துப் பொரியோட கலந்து வெச்சா நாலஞ்சி நாளைக்கு வரும். ஐப்பசி கார்த்திகைல ஏரிக்குத் தண்ணி வரும்போது மீனு எதிர்த்து ஏறும். அப்ப கால்வாயில பறி வெச்சா போதும். நடவு கழனியில நண்டு, வரப்போரம் நத்தை. இது பொம்பளைங்க வேலை. நடவு நட்டுகினே மடியில கட்டிகினு வந்துருவாங்க. தை மாசில அறுப்பு முடிஞ்சதும் எலி. நெல்லுக் கழனி எலி ஒரு ருசி, கல்லக்கா கொல்லை வெள்ளெலி ஒரு ருசி. வளையை வெட்டினா எலியும் கெடைக்கும், அது சேத்து வெச்ச கதிரும் கல்லக்காயும் கெடைக்கும். பங்குனி சித்திரைல ஏரி வத்தும். சேத்துல பொதைஞ்சி கெடக்கிற விரால், குறவை, கெளுத்தி. கரட்டுப் பக்கம் முயலுக்குக் கண்ணி, காடை கௌதாரிக்கு வலை. ஒண்ணுமே இல்லாத மாசத்துக்குக் காயவெச்ச மீனு.

இதை எங்கள் ஆயா எழுதப் படிக்கத் தெரியாமல் சொல்லுவாள். எந்த மாசம் எந்த வளையில் எலி குட்டி போட்டிருக்கும், அப்போது ஏன் வெட்டக் கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். நண்டில் முட்டை கட்டினதைத் தண்ணியிலேயே விட்டுவிட்டு வருவாள். "அத்த உட்ரு, வர்ற வருசத்துக்கு வேணும்" என்பாள். இப்போது பல்கலைக்கழகங்களில் இதற்கு 'நீடித்த பயன்பாடு' என்று பெயர்.

ஊர்த்தெருவில் இந்தச் சாப்பாட்டுக்கு வேறு பெயர். 'எலி தின்னி', 'நத்தை பொறுக்கி.' பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவன் மோந்து பார்த்துத் தள்ளி உட்காருவான். ஆனால் அதே ஊர்த்தெருவுக்கு மூலம் வந்தால் நத்தை வேண்டும், சளி கட்டினால் நண்டு ரசம் வேண்டும். அப்போது சேரிக்கு ஆள் வரும். வாசலுக்கு வெளியே நின்று வாங்கிக்கொண்டு போவார்கள். மருந்தானால் தீட்டு இல்லை, பசியானால் தீட்டு. ஆக, தீட்டு நத்தையில் இல்லை, தின்கிறவன் பிறந்த தெருவில் இருக்கிறது.

'முந்தைய கட்டம்' என்கிற வாதம்

திணையைப் பொருளாதாரமாக வாசித்தவர்களும் இருக்கிறார்கள். கார்த்திகேசு சிவத்தம்பி 1974இல் எழுதிய திணைக் கோட்பாடு பற்றிய கட்டுரையில், ஐந்து நிலங்களையும் ஒரே காலத்தில் வெவ்வேறு வளர்ச்சி நிலையில் இருந்த உற்பத்தி முறைகளாகப் பார்த்தார். பூவும் பறவையுமாக இருந்த திணையைச் சோறும் உழைப்புமாக வாசிக்கச் சொன்ன முக்கியமான தலையீடு அது. இதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அதன்பின் வந்த முற்போக்கு விமர்சனம் இதை ஒரு ஏணிப்படியாக மாற்றிக்கொண்டது. முதலில் வேட்டை, பிறகு மேய்ச்சல், பிறகு உழவு, அப்புறம் தொழிற்சாலை. இந்த ஏணியில் வேட்டை என்பது கீழ்ப்படி, கடந்து வந்துவிட்ட ஒன்று. இன்னும் எலி பிடிக்கிறவன் இருந்தால் அவன் பின்தங்கியவன், 'எச்சம்.'

இந்த வாசிப்பு அடிப்படையிலேயே தவறு என்பதுதான் என் வாதம். சேரிக்காரன் எலி பிடிப்பது அவன் வேட்டைச் சமூகத்திலிருந்து இன்னும் வெளியே வராததால் அல்ல. அவன் உழவுச் சமூகத்தின் நட்டநடுவில் இருக்கிறான். ஏர் ஓட்டியது அவன், நாற்று நட்டது அவள், மடை திறந்தது அவன். நிலம் மட்டும் அவர்களுடையது அல்ல. பண்ணைக்குக் கொடுத்த கூலி நெல் ஒரு குடும்பத்துக்கு வருசம் முழுக்கப் போதாது என்பது கொடுத்தவனுக்கும் தெரியும், வாங்கினவனுக்கும் தெரியும். பிறகு எப்படி அந்தக் குடும்பம் செத்துப்போகாமல் அடுத்த நடவுக்கு ஆள் அனுப்பியது? ஏரியும் புறம்போக்கும் கரடும் மீதியைக் கொடுத்தன. அதாவது பண்ணையார் கொடுக்காத கூலியை நண்டும் நத்தையும் எலியும் கொடுத்தன. இது 'முந்தைய கட்டம்' அல்ல. கூலி குறைவாகவே இருப்பதற்கு இந்த ஓசிச் சாப்பாடு தேவைப்பட்டது. அது இருந்ததால்தான் கூலியைக் குறைவாகவே வைத்துக்கொள்ளவும் முடிந்தது.

எலி விசயத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். இருளரைக் கூப்பிட்டு வளை வெட்டச் சொல்லுகிற நிலக்காரர், தன் நெல்லைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கூப்பிடுகிறார். பல இடங்களில் அந்த வேலைக்குக் கூலி எலிதான். பயிர்ப் பாதுகாப்பு வேலை ஓசியில் முடிந்தது, அதற்குமேல் 'எலி தின்னி' என்ற பெயரையும் கொடுத்தாகிவிட்டது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தில் இருளர்கள் கழனியில் எலி பிடிக்கிற காட்சியைப் பலரும் அழகான காட்சி என்று எழுதினார்கள். அழகுதான். ஆனால் அது ஒரு வேலைத்தளம். அந்த வேலைக்குச் சம்பளம் எங்கே என்று கேட்ட விமர்சனம் என் கண்ணில் படவில்லை.

பொம்பளைங்க கதை இன்னும் மோசம். ஆண் முயல் கொண்டுவந்தால் அது வேட்டை. அதைப் பற்றிப் பாட்டு உண்டு, கதை உண்டு, சாமிக்குப் படையல்கூட உண்டு. பெண் மடியில் நத்தை கொண்டுவந்தால் அது 'பொறுக்கினது.' முயல் எப்போதோ ஒரு நாள். நத்தையும் நண்டும் கீரையும் மழைக்காலம் பூராவும் அடுப்பில் ஏறினவை. குடும்பத்துக்குக் கறிச்சத்து எதிலிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் கண்ணி வைத்தவனைவிட மடி கட்டினவள் முன்னே நிற்பாள். பெரும்பாணாற்றுப்படைப் புலவராவது புல்லரிசி எடுத்தவளைப் பார்த்தார். நம் விமர்சனம் அவளைப் பார்க்கவில்லை.

சட்டமும் ஏலமும்

இந்த வெள்ளாமையை நம் கையிலிருந்து பிடுங்கினது எது? நாகரிகம் வளர்ந்ததால் நாமே விட்டுவிட்டோம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. அது பொய்.

1882ஆம் வருச மெட்ராஸ் காட்டுச் சட்டம் மலையையும் கரட்டையும் ஒதுக்குக் காடு ஆக்கும் வழியைத் திறந்தது. அதுவரைக்கும் விறகுக்கும் தேனுக்கும் கிழங்குக்கும் போனவர்கள் அத்துமீறி நுழைந்தவர்கள் ஆனார்கள். 1972ஆம் வருச வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் உடும்பை முதல் அட்டவணையில் வைத்தது, முயலையும் பாதுகாத்தது. அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் 'தீங்கு செய்யும் உயிர்கள்' என்று ஒரு பட்டியல் இருந்தது. அதில் எலி, சுண்டெலி, காக்கை, பழந்தின்னி வௌவால். அதாவது நாட்டின் சட்டம் ஏழைக்கு விட்டுவைத்த கறி எலியும் காக்கையும்தான். 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையும் எடுத்துவிட்டார்கள். உடும்பு அழியக் கூடாது என்பதில் நமக்கும் மறுப்பு இல்லை. ஆனால் உடும்பைக் குறைத்தது யார்? காட்டை வெட்டி, கரட்டை உடைத்து ஜல்லி ஆக்கினது சேரியின் கண்ணியா?

2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. சனங்கள் போராடி வாங்கின சட்டம். நீர்நிலைகளின் மீனும் பிற பொருளும் சமூக உரிமை என்று அதன் மூன்றாம் பிரிவு ஒத்துக்கொண்டது. அதே பிரிவு, வேட்டையாடும் பழைய உரிமை மட்டும் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. பழங்குடி அல்லாத வனவாசிகள், அதாவது அடிவாரத்து தலித்துகளும் இதில் அடக்கம், மூன்று தலைமுறையாக, 75 வருசமாக, காட்டில் குடியிருந்து காட்டை நம்பிப் பிழைத்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ரேசன் கார்டே பிந்தி வந்த சேரியில் 75 வருசக் காகிதத்தை எங்கே போய்த் தேடுவது?

ஏரிக்கு வருவோம். ஏரி மீனுக்கு 'மீன்பாசி குத்தகை' என்று ஏலம் உண்டு. பணம் உள்ளவர் எடுப்பார், கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விடுவார், கரையில் காவல் போடுவார். குறவையும் கெளுத்தியும் நண்டும் அவர் விட்டதல்ல. மழை கொண்டுவந்தது. ஆனால் ஏலம் எடுத்த பிறகு ஏரியில் நீந்துவது எல்லாமே அவருடையது. நேற்று வரைக்கும் தூண்டில் போட்டவன் இன்றைக்குத் திருடன். இதில் ஒரு கொடுமையைக் கவனியுங்கள். 2005ஆம் வருச ஊரக வேலைச் சட்டத்தின் நூறு நாள் வேலையில் வெய்யிலில் நின்று ஏரித் தூர் வாரினவர்களில் பெரும்பங்கு பெண்கள், அதிலும் நம் பெண்கள் ஏராளம். ஏரியை ஆழப்படுத்தினது அவள் மண்வெட்டி, மீன் மட்டும் ஏலதாரருக்கு. 1927 மார்ச்சில் மகாத்தில் அம்பேத்கர் சவுதார் குளத்துக்கு நடந்தது தண்ணி அள்ளிக் குடிக்கும் உரிமைக்கு. அந்தக் குளத்தில் இருக்கிற மீனுக்கான கேள்வியை நாம் இன்னும் கேட்கவே இல்லை.

தோலும் ஆறும்

வேட்டையும் பொறுக்கலும் வேறு, டேனரி வேறு என்று நினைக்க வேண்டாம். தோல் தொழில் தொடங்கினதே கரட்டை நம்பித்தான். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். கரட்டிலும் புறம்போக்கிலும் தானாக வளர்ந்த செடி அது. அதன் பட்டையை உரித்துக் கட்டுக் கட்டி விற்றவர்கள் ஏழை சனம். 1970களில் பதனிடாத, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முடித்த தோலாகத்தான் போக வேண்டும் என்று ஊக்கப்படுத்தியது. அதன்பின் குரோமியப் பதனிடல் பெருகியது. ஆவாரம்பட்டைக்கு வேலை குறைந்தது, பாலாற்றுக்குக் கெட்ட காலம் வந்தது.

எங்கள் நைனா வாணியம்பாடிப் பக்கம் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தவர். வாரக்கூலி. கூலி கைக்கு வருவதற்கு முன்பே கடைக்காரன் கணக்கு அதைத் தின்றுவிடும். ஞாயித்துக்கிழமை தூண்டிலோடு ஆத்துப் பக்கமோ ஏரிப் பக்கமோ போவார். அவர் கொண்டுவந்ததுதான் அந்த வாரத்துக் கறி. அப்புறம் ஆத்துக் குட்டையில் மீனு செத்து மெதக்க ஆரம்பிச்சது. "தோலுத் தண்ணி வந்துட்ச்சிடா, இனிமே இங்க தூண்டி போட்டுப் பிரயோசனமில்ல" என்றார். தோல் தொட்டியில் நின்றவரும் அவரே, தோல் தண்ணியால் மீனை இழந்தவரும் அவரே. டேனரி அவருக்குக் கொடுத்த குறைந்த கூலிக்கு ஆறு ஈடு கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் டேனரி அந்த ஈட்டையும் கொன்றது.

1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக அந்தத் தீர்ப்பு பதிவு செய்தது. 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. அதன்படி ஒரு ஆணையம் அமைந்து, 2001இல் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தீர்மானித்தது. ஆனாலும் வழக்கு ஓயவில்லை. 2025 ஜனவரி 30இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதே பாலாற்றுக்காகத் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது.

இந்தத் தீர்ப்புகளை நாம் மதிக்கிறோம். விமர்சனம் வேறு இடத்தில். இழப்பை அளந்த அலகு நிலம். எத்தனை ஏக்கர், என்ன பயிர், எத்தனை வருசம். பட்டா உள்ளவனுக்கு இழப்பு உண்டு. ஆற்றில் கெண்டை பிடித்தவனுக்கு, கால்வாயில் நண்டு பிடித்தவளுக்குச் சர்வே நம்பர் ஏது? அவர்கள் இழந்தது எந்த மனுவின் எந்தப் பத்திக்குள்ளும் அடங்கவில்லை. நிலம் இல்லாதவனிடம் இழக்க ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள். அதைக் கேட்டு நாமும் சும்மா இருந்துவிட்டோம்.

கிரீ மக்கள் கேட்ட கணக்கு

கணக்கில் வராத சோற்றை எங்காவது யாராவது கணக்கில் சேர்க்க வைத்திருக்கிறார்களா? கனடாவில் கியூபெக் மாகாணத்தின் வடக்கே ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டி கிரீ என்னும் பூர்வகுடிகள் வாழ்கிறார்கள். காட்டு வாத்து, பீவர், மூஸ் மான், ஏரி மீன் அவர்கள் சாப்பாடு. 1971இல் மாகாண அரசு அவர்களைக் கேட்காமலே அவர்களுடைய ஆறுகளில் பெரிய நீர்மின் திட்டத்தை அறிவித்தது. கிரீ மக்களும் வடக்கே இருக்கிற இனுயிட் மக்களும் நீதிமன்றம் போனார்கள். எதிர்த்தரப்பு வாதம் என்ன தெரியுமா? இவர்கள் இப்போது கடையில் வாங்கித் தின்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், வேட்டை எல்லாம் பழங்கதை. நம் முற்போக்கு விமர்சனத்தின் ஏணிப்படி வாதம் அங்கே கம்பெனி வக்கீல் வாயிலிருந்து வந்தது.

வேட்டைக்காரர்களே சாட்சிக் கூண்டில் ஏறி, எந்த மாசம் எது, எந்த ஆற்றில் எது என்று சொன்னார்கள். 1973 நவம்பர் 15இல் நீதிபதி மாலூஃப், வேட்டையும் மீன்பிடியும் அவர்கள் வாழ்வில் இன்றும் நடுநாயகமானவை என்று ஏற்று வேலையை நிறுத்தச் சொன்னார். ஒரே வாரத்தில் மேல்நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவைத்தது. ஆனாலும் அரசு பேச்சுவார்த்தைக்கு வர வேண்டியதாயிற்று. 1975 நவம்பரில் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன்படி 1976இல் வந்த வருமானப் பாதுகாப்புத் திட்டம், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் காட்டில் தங்கின நாட்களைக் கணக்கிட்டுப் பணம் கொடுத்தது. வேட்டை வேலைதான், வேலைக்குக் கூலி உண்டு என்று ஒரு அரசாங்கத்தை எழுத வைத்தார்கள்.

இதைச் சொர்க்கமாகக் காட்டவில்லை. அணை வந்தே விட்டது. முங்கின மண்ணிலிருந்து பாதரசம் மீனில் ஏறியது, சொந்த ஆற்று மீனை அளவாகத் தின்னச் சொல்லி அவர்களுக்கே அறிவுரை வந்தது. 1986இல் பாதரசத்துக்கென்று தனி ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அங்கே பாதரசம், இங்கே குரோமியம். வித்தியாசம் ஒன்று. அவர்களுக்கு வேட்டை அவமானம் அல்ல. சாட்சிக் கூண்டில் தலை நிமிர்ந்து சொன்னார்கள். நம்மாளுங்க எந்தக் கூண்டில் ஏறி "நான் நத்தை பொறுக்கிப் புள்ளைங்கள வளத்தேன், அந்த நத்தைக்கு ஈடு கொடு" என்று கேட்பார்கள்? கேட்க விடாமல் வாயைக் கட்டியது சட்டம் மட்டும் அல்ல, தீட்டு.

நம் எழுத்தின் தயக்கம்

இங்கே நம் பக்கத்துக்கும் ஒரு விமர்சனம் வேண்டும். தலித் இலக்கியத்தில் சாப்பாடு நிறைய வருகிறது. ஆனால் இரண்டு தொனியில்தான் வருகிறது. ஒன்று வெட்கம்: பசிக் கொடுமையில் இதைக்கூடத் தின்றோம் என்பது. இன்னொன்று பெருமிதம்: எலிக்கறி எங்கள் பண்பாடு என்பது. வெட்கத்தின் பின்னால் நியாயம் இருக்கிறது. செத்த மாட்டுக் கறியையும் எச்சில் சோற்றையும் விடுங்கள் என்று மகாத்தில் அம்பேத்கர் சொன்னார். அது ருசி பற்றிய பேச்சு அல்ல. அடுத்தவன் தூக்கிப் போட்டதை வாங்குகிற உறவை அறுக்கச் சொன்னார். ஏரியில் தன் கையால் பிடித்த குறவை எவனும் தூக்கிப் போட்டது அல்ல. இந்த வித்தியாசத்தை நாம் பிரித்துப் பேசாததால், தன் உழைப்பில் வந்த சோற்றுக்கும் சேர்த்து வெட்கப்பட்டோம்.

பெருமிதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 2008இல் பீகார் அரசின் நலத்துறை உயர் அதிகாரி ஒருவர், எலிக்கறியை உணவகங்கள் வரைக்கும் கொண்டுபோய் முசாகர் மக்களை முன்னேற்றலாம் என்று யோசனை சொன்னார். நிலம் கேட்டவனுக்கு எலி. 'உங்கள் பண்பாடு' என்று தட்டிக்கொடுத்து அங்கேயே நிறுத்துகிற வேலை இது. இன்னொரு பக்கம், 2017இல் தமிழ்நாட்டு விவசாயிகள் தில்லியில் வாயில் எலியைக் கவ்விப் போராடினார்கள். அவர்கள் துயரம் உண்மை. ஆனால் அந்தப் படம் நாட்டுக்கு என்ன சொன்னது? எலியை வாயில் வைக்கும் அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம் என்று சொன்னது. அவர்கள் இறங்கிக் காட்டின அந்தக் கடைசிப் படிதான் நம் அன்றாடம்.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு ஓடுகிற பையன், கரட்டிலும் ஓடையிலும் கிடைப்பதைக் கொண்டு உயிர் பிழைக்கிறான். அந்த நாவலைப் பழிவாங்கல் கதையாகவே வாசித்தார்கள். 2019இல் 'அசுரன்' படமாக வந்தபோதும் வெட்டுக்குத்துதான் பேசப்பட்டது. எதைத் தின்னலாம், எங்கே தண்ணி இருக்கும், எதில் அடுப்பு மூட்டினால் புகை வராது என்கிற அறிவு இல்லாமல் அப்படி ஒளிந்து வாழ முடியாது. அந்த அறிவு விமர்சனத்துக்குப் பின்னணியாகத்தான் தெரிந்தது. என் வாசிப்பில் அதுதான் கதையின் முதுகெலும்பு. நிலம் இல்லாதவனுக்கு நிலம் பற்றித் தெரிந்தது அவ்வளவு.

அப்படியானால் வெட்கமும் வேண்டாம், வெறும் பெருமிதமும் வேண்டாம், பிறகு என்ன? கணக்கு. நம் எழுத்து இனி கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு வருசத்தில் ஏரி எத்தனை நாள் சோறு போட்டது? காடு எத்தனை நாள்? கூலி எத்தனை நாள்? எந்த வருசம் ஏலம் வந்தது, எந்த வருசம் நண்டு நின்றது, எந்த வருசம் முதல் ஆள் வேலை தேடிக் கிளம்பினான்? 2015 ஏப்ரல் 7இல் சேசாசலக் காட்டில் ஆந்திர போலீசாரும் வனத்துறையும் சேர்ந்த படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து ஏழைகள் அவர்களில் பெரும்பாலோர், ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் உண்டு. செம்மரக் கடத்தல் என்றார்கள். சொந்த மலை சோறு போட்டிருந்தால் அவ்வளவு தூரம் எதற்காகப் போகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் சேரியின் பஞ்சாங்கத்தில் இருக்கிறது.

அந்தப் பஞ்சாங்கம் இன்றைக்கு அறுபது எழுபது வயசுப் பொம்பளைங்க வாயில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் மருமகள்களும் பேத்திகளும் விடியற்காலையில் கம்பெனி வண்டி ஏறி ஆம்பூருக்கு ஷூ தைக்கப் போகிறார்கள். குறவைக்கும் கெளுத்திக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இல்லை என்று சொல்லலாம். ஆனால் இழந்தது என்ன என்று தெரியாதவன் ஈடு கேட்க முடியாது. கிரீ வேட்டைக்காரன் நீதிமன்றத்தில் சொன்னது ஒரு கணக்கு. எங்கள் ஆயா அடுப்பங்கரையில் சொன்னதும் அதே மாதிரிக் கணக்குதான். ஒன்று தீர்ப்பில் ஏறியது, ஒன்று காற்றோடு போனது. இந்தப் பக்கங்களில் சாட்சியம் எழுதுகிற தோழர்கள், அடித்ததையும் அவமானப்படுத்தினதையும் எழுதுவதோடு, பிடித்ததையும் தின்றதையும் மாச வாரியாக, இடம் சொல்லி, ஏரிப் பேர் சொல்லி எழுத வேண்டும். நாளைக்கு ஏதாவது ஒரு ஆணையம் முன்னால் அதை வைக்க வேண்டி வரும்.